பொறுங்கோ டாக்குத்தர்

அவர் உண்மையில் டாக்குத்தர் அல்ல, அப்போதிக்கரி. அரசாங்கம் எங்கள் ஊரில் ஒரு சிறிய மருந்துச்சாலையைக் கட்டி, பக்கத்தில் இரண்டு அறை வீட்டையும் கட்டி, அவரைக் கொண்டுவந்து அதில் இருத்தியிருந்தது. பெரிய படிப்புப் படித்த டாக்குத்தர்மார் பட்டினத்து ஆசுபத்திரியில் இருந்தார்கள். அந்த வித்தியாசமெல்லாம் எங்களுக்கு எதற்கு? குழாயைக் காதில் மாட்டுகிறவர் எல்லாரும் டாக்குத்தர்தான். மருந்துச்சாலைப் பலகையில் அவருடைய பெயர் எழுதியிருந்தது. ஆனால் கொக்குவிலிலிருந்து மானிப்பாய் வரை எந்தச் சந்தியில் விசாரித்தாலும் "பொறுங்கோ டாக்குத்தர்" என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

வயிற்றுக்குத்தென்று போனால் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "பொறுங்கோ". வாங்குப் பலகையில் இருத்துவார், பார்ப்பார், தட்டுவார், முதல்நாள் என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சண்டை பிடித்தீர்கள் என்றுகூடக் கேட்பார். எல்லாம் கேட்டு முடிந்தபின் மறுபடியும், "பொறுங்கோ, நாளைக்குப் பாப்பம்." சிவப்புத் தண்ணீர் ஒரு போத்தல் வாங்கிப் போகலாம் என்று மூன்று மைல் நடந்து வந்தவனுக்கு இது எப்படி இருக்கும்? என் அம்மான், அதாவது அம்மாவின் தமையன், மருந்துச்சாலைப் படியில் நின்றே சொல்வார், "உந்த ஆளுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்கிறது சும்மா இருந்து பாக்கிறதுக்கோ?" உள்ளே இருந்தவருக்கு அது கேட்கும். கேட்டுச் சிரிப்பார்.

அவருடைய பொறுமை நோயாளியோடு நின்றுவிடுவதில்லை. ஒருநாள் பனங்கூடலுக்கு நடுவே ஒடுங்கிய ஒழுங்கையில் ஒரு நாம்பன் மாடு குறுக்கே நின்றது. அவர் சைக்கிளை விட்டு இறங்கி, வேலியில் சாத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வந்த நான் மாட்டைத் துரத்தப் போனேன். அவர் என்னை மறித்தார். அதுவும் எங்கேயோ போகத்தானே வெளிக்கிட்டது, போகும் என்றார். கால்மணித்தியாலம் நின்றோம். மாடு போயிற்று. அவருடைய தேநீரும் அப்படித்தான். போட்டு வைத்தது ஆறி, மேலே ஆடை படர்ந்தபின்தான் அதன் நினைவு வரும்.

அவருடைய காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகிற பென்சில். அதனால் அவருடைய கீழுதட்டில் அழியாத ஊதாப் புள்ளி ஒன்று உண்டு. அந்தப் பென்சிலால் அவர் கொப்பியில் எழுதியது குறைவு, ஆட்களில் எழுதியதுதான் அதிகம். காலில் வீக்கமென்று போனால் வீக்கம் முடிகிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு கீறி, பக்கத்தில் திகதியும் போட்டுவிடுவார். மறுநாள் அவர் பார்ப்பது ஒன்றைத்தான், வீக்கம் கோட்டுக்கு உள்ளே நிற்கிறதா, வெளியே வந்துவிட்டதா? கிணற்றடியில் குளிக்கும்போது யார் யாரிடம் எங்கெங்கே கோடு இருக்கிறதென்று பார்த்து ஊர் அவரவர் வருத்தத்தைத் தெரிந்துகொண்டது.

வீக்கம் கோட்டுக்கு உள்ளே நின்றால் பொறுப்பார். வெளியே வந்தால் பொறுக்க மாட்டார். கடைக்காரர் ஒருவரின் மகளுக்கு முழங்காலில் வீக்கம். காலையில் கீறிய கோட்டை மத்தியானம் வீக்கம் தாண்டிவிட்டது. தாய் சேலை மாற்றுவதற்குக்கூட அவர் விடவில்லை. பிள்ளையைத் தானே தூக்கி, வந்த காரை மறித்து ஏற்றிப் பட்டினத்துக்குப் போனார். இதை அம்மான் கணக்கில் எடுப்பதில்லை. டாக்குத்தர் பொறுத்ததுதான் அவருக்கு நினைவிலிருக்கும்.

கலியாணமாகி ஒரு மாதமான பெண்பிள்ளை ஒருத்தி மூக்குத்தியைக் கழற்றிப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு முகம் கழுவியிருக்கிறாள். தும்மல் வந்தது, மூக்குத்தி உள்ளே போய்விட்டது. மாமியார் பேதி மருந்தைக் கரைத்து ஆயத்தமாக வைத்திருந்தார். டாக்குத்தர் அந்தக் கோப்பையை வாங்கி முற்றத்தில் ஊற்றினார். கூரான சாமான் அவசரப்பட்டால் குடலைக் கிழிக்கும், ஆறுதலாக வரட்டும் என்று விளங்கப்படுத்தி, மூன்றுநாளைக்குப் புட்டும் வாழைப்பழமும் குழையக் குழையச் சாப்பிடச் சொன்னார். நான்காம்நாள் மூக்குத்தி வெளியே வந்தது. மாமியார் அதை மஞ்சள் தண்ணீரில் ஏழுதரம் கழுவிவிட்டுத் திரும்பவும் மருமகளின் மூக்கிலேயே போட்டுவிட்டாராம். கோயிலில் அந்தப் பிள்ளையைக் கண்டால் எல்லாருக்கும் கண் மூக்கில்தான் போகும்.

சிரிப்புக்கு இடமில்லாத கதையும் ஒன்று உண்டு. கள்ளுச் சீவுகிற ஒருவர் பனையிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுவிட்டார். கால் இரண்டும் மரத்துப்போய்க் கிடந்தார். வண்டியில் ஏற்றினால் உள்ளதும் கெட்டுவிடும் என்று டாக்குத்தர் அவரை அசைக்க விடவில்லை. வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவரைக் கிடத்தி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து இறுக்கினார். பன்னிரண்டு கிழமை அந்த மனிதர் கதவின்மேல் கிடந்தார், வீடு கதவில்லாமல் கிடந்தது. எங்கள் பகுதி ஆட்கள் சாதி பார்த்து அந்தக் குடிசை வாசலைத் தாண்டாத காலம் அது. டாக்குத்தர் ஒருநாள்விட்டு ஒருநாள் உள்ளே போய்ப் பாயில் இருந்து, குண்டூசியால் அவருடைய கால்விரல்களைத் தொட்டுப் பார்ப்பார். அவர்கள் கொடுத்த தண்ணீரையும் குடிப்பார். அதற்குப் பிறகு எங்கள் பெரியவர்கள் சிலர் கொஞ்சநாள் மருந்துச்சாலைப் பக்கம் போகவில்லை. காய்ச்சல் வந்ததும் போனார்கள். சீவல்காரர் தடியூன்றி எழும்பி நடந்தார். பனை ஏறுவது அதோடு சரி.

எங்கள் ஆட்களிடம் அவருக்குப் பிடிக்காத ஒரு குணம் இருந்தது. டாக்குத்தர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், காய்ச்சலில் பல்லுக் கிட்டிக்கொண்டிருந்தாலும் "இப்ப கொஞ்சம் சுகம் ஐயா" என்போம். அவ்வளவு பாடுபட்டு மருந்து தந்தவரின் முகத்தைப் பார்த்துச் சுகமில்லை என்பது மரியாதை இல்லை. முருங்கைக்காய்க் கட்டோடு அந்தச் சுகத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். முருங்கைக்காயை வைத்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கோ என்பார் அவர். நாங்கள் சிரிப்போம். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்தோம்.

அந்த வழக்கத்தினால் கெட்டவன் நான்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. இரண்டாம் உலகச் சண்டை தொடங்க இரண்டு மூன்று வருஷம் இருந்தது. தமிழும் கணக்கும் படிப்பிக்கிற வாத்தியாராகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. விடிந்தால் பள்ளிக்கூடம் போகுமுன் புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்க வேண்டும். கிணற்றின்மேல் கிடக்கிற நீண்ட துலாவில் ஒருவன் முன்னும் பின்னுமாக நடந்தால்தான் தண்ணீர் மேலே வரும். நடந்தவன் நான். பனியில் நனைந்த மரம் வழுக்கி, நடுத்துலாவிலிருந்து கல்வரம்பில் விழுந்தேன். வலது மேற்கை, முழங்கைக்குச் சற்று மேலே முறிந்தது.

அம்மான் நாட்டு வைத்தியரின் முறிவெண்ணெய்க்கு ஆள் அனுப்பிவிட்டார். அதற்குள் டாக்குத்தர் வந்து, எலும்பை நேராக்கி மட்டை வைத்துக் கட்டிவிட்டார். கட்டி முடிந்ததும் என் கையைத் தூக்கிப் பிடித்து, மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னார். நிமிரவில்லை. விரல்கள் தொங்கின. அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன்.

எலும்போடு ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது, அதுதான் மணிக்கட்டை நிமிர்த்துவது, அதில் அடி பட்டிருக்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னார். நசிந்ததென்றால் தானாக வளர்ந்து வரும், மாதத்துக்கு ஒரு அங்குலம். அறுந்ததென்றால் வராது. எது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் வளர்கிற அடையாளம் இல்லாவிட்டால் தானே என்னைப் பட்டினத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்வதாகவும் சொன்னார். அதுவரை கை கூனிப்போகாதபடி சுருட்டுப்பெட்டிப் பலகையைச் செதுக்கி, மணிக்கட்டை நிமிர்த்தி வைக்க ஒரு தாங்கி செய்து தந்தார். விரல்களை நாளுக்கு நூறுதரம் மடக்கி விரிக்க வேண்டும். அம்மா எண்ணி எண்ணிச் செய்தார்.

பள்ளிக்கூட மனேச்சர் நல்ல மனிதர். என் இடத்தில் வேறொரு பெடியனைத் தற்காலிகமாகப் போட்டார். கரும்பலகையில் எழுதக் கை வேண்டும், அடுத்த வருஷம் தொடங்குமட்டும் பார்ப்பேன், அதற்குமேல் என்னாலும் இயலாது என்றார். எனக்கிருந்தது அந்த ஒரு உத்தியோகம். அது போனால் ஒற்றைக் கையோடு தோட்டத்துக்கும் உதவமாட்டேன், மேசைக்கும் உதவமாட்டேன்.

ஆறு கிழமையில் எலும்பு பொருந்தியது. அதன்பின் சனிக்கிழமை தோறும் மருந்துச்சாலை. நரம்பு வளர்கிற நுனியில் விரலால் தட்டினால், பெருவிரலின் பின்புறத்தில் சுள்ளென்று ஒரு மின்னல் ஓடுமாம். அவர் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு வருவார், நான் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் ஊதாக் கோடு. கோடு கிழமைக்குக் கிழமை கீழே இறங்கினால் நரம்பு வருகிறது என்று அர்த்தம்.

முதல் சனி, முறிந்த இடத்தில் சுள்ளென்றது. இரண்டாம் சனியும் அதே இடம். அவர் முகம் சுருங்க, பழைய கோட்டின் மேலேயே திரும்பக் கீறினார். அடுத்த கிழமை முழுக்க நான் அவருடைய முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே அம்மான் வேறு, அறுக்குமுன் மயக்குவதற்குக் குளோரோபோம் கொடுத்து எழும்பாமலே போன ஒருவரின் கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் சனி அவர் தட்டிக்கொண்டு வந்து, பழைய கோட்டுக்கு அரை விரற்கடை கீழே நிறுத்தி, சுள்ளெண்டுதோ என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவ்வளவு ஆசை இருந்தது.

"ஓம் ஐயா," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. பென்சிலை நாக்கில் தொட்டுப் புதுக்கோடு கீறினார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா அழுதார். இதற்குப் பிறகு எப்படி அடுத்த சனி இல்லை என்று சொல்வது? அடுத்த சனியும் ஓம். அதற்கடுத்ததும் ஓம். கோடு ஏணிப்படி மாதிரி இறங்கி முழங்கையைத் தாண்டியது. ஒரு கட்டத்தில் நானே நம்பத் தொடங்கிவிட்டேன். அம்மான்கூட வாயை மூடிக்கொண்டார். மூன்று மாதத் தவணை சத்தமில்லாமல் கடந்து போயிற்று.

எட்டாம் சனி அவர் என் முன்கையை மேசையில் வைத்து மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னார். அசையவில்லை. கோட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்பக் கோட்டைப் பார்த்தார். நரம்பு இவ்வளவு தூரம் வந்திருந்தால் கை கொஞ்சமாவது அசைந்திருக்க வேண்டும். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன்.

"இதிலை சுள்ளெண்டுதோ?"

"ஓம் ஐயா."

"இப்ப?"

"ஓம் ஐயா, நல்லாய்ச் சுள்ளெண்டுது."

கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்னை அவர் தொடவே இல்லை.

எத்தனை கிழமையாக என்று மட்டும் கேட்டார். ஆறு என்றேன். ஏச்சுக்குக் காத்திருந்தேன். அவர் சாராயப் பஞ்சை எடுத்து, கீழேயிருந்து ஒவ்வொரு கோடாகத் துடைத்தார். முதல் கோட்டை மட்டும் விட்டார். பிறகு என் சால்வையை எடுத்து என் தோளில் போட்டு, கதவைச் சாத்தினார். பட்டினம் போகிற பஸ் சந்தியில் நின்றது. அன்றைக்குத்தான் அந்த மனிதர் ஓடியதை ஊர் கண்டது. வேட்டியை ஒரு கையாலும் என்னை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினார்.

பட்டினத்துச் சத்திரசிகிச்சை டாக்குத்தர் சீமையில் படித்த இளைஞர். என் கையைப் பார்த்துவிட்டு இங்கிலீசில் இவரைப் பிடித்துக்கொண்டார். பதினான்கு கிழமை என்ன செய்துகொண்டிருந்தீர், நாட்டு வைத்தியன்கூட இதற்கு முதல் அனுப்பியிருப்பான், பொறுக்கிறதற்கும் ஒரு அளவு இல்லையா என்று தாதிமார் முன்னால் கேட்டார். இவர் அவரைவிட இருபது வயது மூத்தவர். அடையாளங்களை நான் பிழையாகப் படித்துவிட்டேன், பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எனக்கு இங்கிலீசு விளங்கும். எனக்கு விளங்கும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட வேண்டிய நாட்கள் பல உண்டு, அதில் முதலாவது அதுதான்.

பின்னேரம் வார்டு விறாந்தையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் பொய் சொன்னதை ஏன் அந்த இளைய டாக்குத்தரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் போர்வையை இழுத்துச் சரிப்படுத்திவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு உம்மடை கையை அறுக்கப்போறது அவர். பொய்க்காரன்ரை கை எண்டு நினைச்சுக்கொண்டு ஆரும் கத்தியைத் தொடக்கூடாது."

நான் அழுதுவிட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"பிழை என்னிலையும் இருக்கு, வாத்தியார். நான் கேட்டது சுள்ளெண்டுதோ எண்டுதானே. ஓம் எண்டு சொல்லச்சொல்லித்தான் கேட்டிருக்கிறன்."

அறுத்துப் பார்த்ததில் நரம்பு அறுந்திருக்கவில்லை. முறிந்த எலும்பைச் சுற்றி வளர்ந்த புது எலும்பு அதைத் தன்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. எத்தனை வருஷம் பொறுத்திருந்தாலும் தானாக விட்டிராது. இளைய டாக்குத்தர் அதை எடுத்துவிட்டு, என்னை வீட்டுக்கு அனுப்பும்போது, இனிச் செய்ய ஒன்றும் இல்லை, தாங்கியைப் போட்டுக்கொண்டு ஆறு ஏழு மாதம் பொறுத்துப் பார் என்றார். இதைக் கேட்ட அம்மான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஊருக்கு வந்தபின் மருந்துச்சாலையில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். அவர் யாரிடமும் சுகமோ என்று கேட்பதை விட்டுவிட்டார். இப்போது என்ன செய்ய முடியாமல் இருக்கிறது என்று கேட்டார். கிழவிகளுக்கு அது பெரிய சங்கடமாகப் போயிற்று. சுகம் என்று சொல்ல வாயைத் திறந்தவர்கள், உலக்கை பிடிக்க முடியவில்லை, குந்தி எழும்ப முடியவில்லை என்று உள்ளதையெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். வரிசை நீண்டது. என்னைத் தட்டிப் பார்க்கும்போது எதையும் கேட்க மாட்டார். கண்ணை மூடி இருக்கவேண்டியது, ஏதாவது தெரிந்தால் நானாகச் சொல்லவேண்டியது, அவ்வளவுதான்.

என் கை நிமிர முதலே அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது, வன்னிப் பக்கம், மலேரியா ஊர் ஒன்றுக்கு. போவதற்கு முதல்நாள் கடைசியாகத் தட்டிப் பார்த்தார். நெடுநேரம் தட்டினார். அவருக்கு ஒரு நல்ல செய்தி சொல்லி அனுப்ப எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி விளங்காது.

"இல்லை ஐயா. ஒண்டும் தெரியேல்லை."

"நல்லது," என்றார். முதுகில் தட்டிக்கொடுத்தார். இல்லை என்று சொல்லி நான் பாராட்டு வாங்கியது அந்த ஒருதரம்தான்.

மனேச்சர் சொன்ன தவணை முடிய மூன்று கிழமை இருந்தது. ஒருநாள் காலையில் அம்மா தேநீர்ச் செம்பை நீட்டினார். நான் வழக்கம்போல இடது கையை நீட்டினேன். தாங்கி இல்லாமல் மடியில் கிடந்த வலது கை, தானும் வாங்க வருவதுபோல, மணிக்கட்டில் ஒரு நெல்லுப் பருமன் நிமிர்ந்து விழுந்தது. நான் காணவில்லை. அம்மாதான் கண்டார். செம்பு கீழே விழுந்தது. திரும்பச் செய்யச் சொன்னார். செய்தேன். நிமிர்ந்தது. அம்மா, அம்மான், பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் மத்தியானம்வரை நிமிர்த்திக் காட்டிக் களைத்துப்போனேன்.

மூன்று கிழமையில் சோக்கட்டியைப் பிடித்தேன், புது வருஷம் தொடங்கியதும் என் வகுப்புக்குத் திரும்பினேன். ஆனால் அன்றைக்குப் பின்னேரமே, அந்தக் கையாலேயே, பேனையைத் துணியால் விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வன்னிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு வரி எழுத இரண்டு மணித்தியாலம் பிடித்தது. கை நிமிர்கிறது ஐயா, இது பொய் இல்லை என்று எழுதினேன். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சரிந்து கிடந்தது. வேறு யாரையாவது கொண்டு வடிவாக எழுதுவித்து அனுப்பு என்று அம்மான் சொன்னார். நான் கேட்கவில்லை.

பத்து நாளில் மறுமொழி வந்தது. ஒரு தபாலட்டை. ஊதா எழுத்தில் இரண்டே வரி.

"கடிதம் கிடைத்தது. எழுத்து மிகவும் மோசம், ஆகையால் நம்புகிறேன்."